முழங்கால் வலிக்கு மாக்ஸா குச்சி: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கானாடுகாத்தான்_பேரன் எழுதியது:

அப்பத்தாவுக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தொடைக்குப் பயிற்சி செய்யட்டும், வலிக்கிறபோது சூடு கொடுங்கள் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். மழை நாளிலும் ஏ.சி. அறையிலும் வலி கூடுகிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தணிகிறது. வீக்கமோ சிவப்போ கிடையாது. சர்க்கரை பல வருடமாக இருக்கிறது, மாத்திரை மட்டும்தான்.

பினாங்குச் சித்தப்பா ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி மாக்ஸா குச்சி கொண்டுவந்தார், அதாவது பற்றவைத்துத் தோலுக்குக் கிட்டே பிடித்துச் சூடு காட்டும் சீன மூலிகைக் குச்சி. வெள்ளைக் காகிதம் சுற்றி, சுருட்டு மாதிரி, ஒரு சாண் நீளம். கூடவே கரி மாதிரிக் கறுப்பாகக் கெட்டியான குச்சி சில, அடியில் கம்பிவலை போட்ட மரப்பெட்டி ஒன்று. பெட்டிமேல் எல்லாம் சீன எழுத்து. எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில், எத்தனை நிமிடம் காட்ட வேண்டும்? நடுவில் முற்றம் வைத்த வளவு வீடுதான், ஆனாலும் புகை அதிகமாக வரும் என்கிறார்களே, எங்கே வைத்துச் செய்வது? குச்சி தீர்ந்தால் இங்கே கிடைக்கும் மரிக்கொழுந்தை உலர்த்திச் சுருட்டிக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நர்ஸ்_கோட்டையூர் எழுதியது:

தம்பி, குச்சியைப் பற்றவைப்பதற்கு முன்னால் அப்பத்தாவின் காலில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை நாள்பட இருந்தால் சூடு அறியும் நரம்பு மந்தமாகிவிடும். தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் அவர்களுக்கே தெரியவரும்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் வலது காலின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போது சொல்லச் சொல்லுங்கள். இடது காலிலும் அப்படியே. மொத்தம் ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாத நரம்பு பழுதாகியிருக்கிறது என்று பொருள். இப்ஸ்விச் சோதனை என்று ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் செய்கிறோம்.

ஆனால் தொடுஉணர்ச்சியும் சூட்டுணர்ச்சியும் வேறு வேறு நரம்பில் போகின்றன. அதனால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் கை தாராளமாகப் பொறுக்கும் வெந்நீர். வெளிப்பக்க ஈரத்தைத் துடைத்துவிட்டு முழங்கால், முன்கால் எலும்பு ஓரம், புறங்கால் என்று மூன்று இடத்திலும் மாற்றி மாற்றி வையுங்கள். எது சூடு, எது குளிர்ச்சி என்று கண்ணை மூடியபடி சொல்ல வேண்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் மாக்ஸா கூடாது. சர்க்கரையில் உணர்ச்சி விரல் நுனியிலிருந்து மேல்நோக்கித்தான் குறையும். ஆகவே பாதம் மரத்திருந்தும் முழங்கால் தெளிவாக இருக்கலாம். பாதத்தில் தப்பினால் பாதத்தை விட்டுவிடுங்கள். முழங்காலுக்குக் கூட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தோல் வேகக் கொள்ளிச் சூடு தேவையில்லை. 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் இருந்தாலே வெந்துவிடும். 49 டிகிரியில் சில நிமிடம், 60 டிகிரியில் 5 வினாடி போதும். இதெல்லாம் நல்ல கெட்டித் தோலுக்கு. 74 வயதுத் தோல் மெல்லியது, கணக்கு இன்னும் குறையும்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், மை, காப்பித்தூள், நெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சர்க்கரைக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே சிறு கொப்புளம் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அக்கு_தேவகோட்டை எழுதியது:

கோட்டையூர் ஆச்சி சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. அதில் தேறினால்தான் கீழே உள்ளது.

நீங்கள் சொல்லும் வெள்ளைக் காகிதக் குச்சி சாதாரண மாக்ஸா குச்சி. 20 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. கனம்தான் வழக்கமான அளவு. கறுப்புக் குச்சி புகையில்லாதது, அதாவது மூலிகை இலையிலிருந்து எடுக்கும் பஞ்சை முன்பே கரியாக்கி அழுத்தியது. அதைப் பற்றவைக்கவே சில நிமிடம் தீயில் பிடிக்க வேண்டும். பற்றிய பிறகு நெருப்பு கடுமையாக இருக்கும். பழகாத கைக்கும் வயதானவர் தோலுக்கும் வெள்ளைக் குச்சிதான் நல்லது. அதன் சூடு மெதுவாக இறங்கும், உங்களுக்கும் கையை விலக்க நேரம் கிடைக்கும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், வெறும் வயிறும் கூடாது. மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருக்கிறவரை இதில் உட்கார வைத்தால் தலைசுற்றும். முழங்காலில் ஏதாவது தைலம், பாம், வலிக்கான களிம்பு தடவியிருந்தால் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து எடுங்கள். அந்தக் களிம்புகளின் குளுகுளுப்பும் காந்தலும் குச்சியின் சூட்டை மறைத்துவிடும், எண்ணெய்ப் பசையில் கங்கு விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவையாக இருக்கட்டும். நைலான் நைட்டியில் ஒரு பொறி பட்டாலும் உருகித் தோலோடு ஒட்டும்.

நாற்காலியில் உட்கார வைத்து முழங்காலை மடக்கிப் பாதம் தரையில் ஊன்றியிருக்கச் செய்யுங்கள். மடக்கினால்தான் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி தெரியும். அக்குபங்சர் புள்ளிக் கணக்கில் வெளிப்பக்கக் குழி எஸ்டி 35, உட்பக்கக் குழி நெய்ஷியென். இரண்டையும் சேர்த்து முழங்கால் கண்கள் என்பார்கள். மூன்றாவது ஹெடிங், சில்லின் மேல் விளிம்புக்கு நடுவில் உள்ள பள்ளம். நான்காவது எஸ்டி 36, ஸூசான்லி. வெளிக்குழியிலிருந்து அப்பத்தாவின் சொந்த விரல் நான்கின் அகலம் கீழே இறங்கி, முன்கால் எலும்பின் கூர் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே. உங்கள் விரலால் அளந்தால் இடம் தப்பும். எல்லாவற்றிலும் செய்ய வேண்டாம். அழுத்திப் பார்த்து எது அதிகம் நோகிறதோ அந்த இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு காலுக்கு இரண்டு போதும்.

குச்சியின் வெளியே அச்சடித்த வண்ணத்தாள் இருந்தால் அதை மட்டும் உரித்துவிடுங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய காகிதம் இருக்கட்டும். மெழுகுவர்த்தியிலோ லைட்டரிலோ சுழற்றிச் சுழற்றிப் பற்றவையுங்கள். ஓரம் மட்டும் சிவந்து நடுவில் கறுப்பாக இருந்தால் இன்னும் பற்றவில்லை. குச்சியின் எரிமுனை முழுவதும் ஒரே சிவப்பாக வர வேண்டும். அரைகுறையாகப் பற்றியது ஒருபக்கமாக எரிந்து சாய்ந்து விழும்.

தூரம் 3 செ.மீ.யில் தொடங்குங்கள். குச்சி பிடித்த கையின் சுண்டுவிரலையோ உள்ளங்கை அடியையோ அப்பத்தாவின் காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். அந்தரத்தில் பிடித்த கை ஐந்து நிமிடத்தில் தாழ்ந்துவிடும், பாதிச் சூட்டுப்புண் அப்படி வந்ததுதான். மற்றக் கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வையுங்கள். சூடு எவ்வளவு என்று உங்கள் விரல் சொல்லும். சர்க்கரைக்காரருக்கும் குழந்தைக்கும் இது கட்டாயம். மெல்ல 2 செ.மீ. வரை இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். 'இதமா இருக்கு' என்ற நிலையில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். 'பொறுத்துக்கறேன்' என்றால் உடனே தூக்குங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வதை ஒரு பெருமையாக நினைப்பார்கள், முதலிலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் ஓர் இடத்துக்கு 5 நிமிடம். மறுநாள் தோல் சரியாக இருந்தால் அடுத்த முறை 10, அதிகபட்சம் 15. தோல் லேசான ரோஜா நிறத்துக்கு வந்து, அந்த நிறம் ஒரே சீராக இருந்தால் போதும். திட்டுத் திட்டாகச் சிவந்தால் நிறுத்துங்கள். குச்சியைச் சிறு வட்டமாகச் சுழற்றுவது முழங்காலுக்குப் பொருந்தும், சூடு பரவலாகும். மேலும் கீழுமாகக் கொத்துவது போலச் செய்யும் சிட்டுக்குருவி முறை ஒன்று உண்டு, அது சூட்டை விட்டுவிட்டு ஏற்றும். உங்களுக்கு வேண்டாம்.

சாம்பல் விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சாம்பல் கனமாகச் சேர்ந்தால் நெருப்பின் மேல் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், சூடு குறைந்தது போலத் தெரியும். உடனே குச்சியை இன்னும் கிட்டக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் பார்த்துச் சாம்பல் உதிர்ந்து, உள்ளே இருந்த முழு நெருப்பும் ஒரு செ.மீ. தூரத்தில் தோலைப் பார்க்கும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குச்சியைக் காலுக்கு மேலிருந்து விலக்கி, ஒரு பீங்கான் தட்டின் விளிம்பில் தட்டிச் சாம்பலை எடுத்துவிடுங்கள். சூடு குறைவாகத் தெரிந்தால் முதலில் சாம்பல், அப்புறம்தான் தூரம்.

வளவில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் நல்ல இடம், புகை மேலே போய்விடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்று நேராக அடித்தால் குச்சி ஒருபக்கமாகச் சிவந்து பொறி பறக்கும். ஆத்தங்குடிக் கல் தரைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கோரைப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் புகையில் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன, ஊதுபத்திப் புகை மாதிரி நினைத்து மூடிய அறையில் செய்யாதீர்கள். ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் இருந்தால் அந்த நேரம் முகப்புப் பக்கம் போய் இருக்கட்டும். புகையில்லாக் குச்சியிலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கும் காற்றோட்டம் வேண்டும்.

அணைப்பது எரிப்பதைவிட முக்கியம். தண்ணீரில் நனைத்தால் குச்சி பாழ். உலர்ந்த மணல் நிரப்பிய சொம்பில் எரிமுனை முழுவதும் புதையும்படி செங்குத்தாகச் செருகுங்கள். வெளியே பார்த்தால் அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அரைமணி கழித்து எடுத்து முனையை ஈரத்துணியில் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் திரும்பப் புதையுங்கள். தேக்கு அலமாரியிலோ குப்பைக் கூடையிலோ அணைந்ததாக நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து முறை. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஓய்வு. செய்து முடித்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் கால் கழுவ வேண்டாம், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். டாக்டர் சொன்ன தொடைப் பயிற்சியைச் சூடு கொடுத்த பிறகு செய்தால் மடக்கி நீட்டுவது சுலபமாக இருக்கும். பயிற்சியை விட்டுவிட்டுச் சூடு மட்டும் கொடுத்தால் சில மணி நேர இதம்தான் மிஞ்சும். தேய்ந்த குருத்தெலும்பை மாக்ஸா வளர்க்காது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என்றைக்காவது முழங்கால் வீங்கி, தொட்டால் தானே சூடாக இருந்தால் அன்று குச்சியை எடுக்கவே கூடாது. காய்ச்சல் இருந்தாலும் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூலிகை_குன்றக்குடி எழுதியது:

இலை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மரிக்கொழுந்து வேண்டாம் தம்பி. அதுவும் மாக்ஸா செடியைப் போல ஆர்ட்டிமிசியா இனம்தான், ஆர்ட்டிமிசியா பாலன்ஸ். பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டுவது அது. வாசனை எண்ணெய்க்காகப் பயிராவது, மாக்ஸாவுக்கு வேண்டிய பஞ்சு அதில் கிடைக்காது. சீனர்கள் பயன்படுத்துவது ஆர்ட்டிமிசியா ஆர்ஜி. ஹூபெய் மாகாணத்தில் சீச்சுன் என்ற ஊரின் இலைக்குப் பெயர் அதிகம். அங்கே பிறந்த லி ஷிசென் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய மருந்து நூலும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். ஜப்பானில் ஆர்ட்டிமிசியா பிரின்செப்ஸ். இந்த இலைகளின் அடிப்பக்கம் வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். அந்த நுண்மயிர்தான் மாக்ஸா. உலர்ந்த இலையை இடித்துச் சலித்து, திரும்ப இடித்துச் சலித்து, பச்சைத்தூளும் நரம்பும் காம்பும் கீழே போனபிறகு சல்லடைமேல் தங்குவது அந்தப் பஞ்சு.

3 கிலோ இலையிலிருந்து 1 கிலோ பஞ்சு எடுத்தால் அது 3:1 தரம். கரும்பச்சை கலந்த பழுப்பாக இருக்கும், குச்சிக்கு அதுவே போதும். 10:1, 20:1, 30:1 என்று போகப் போகப் பஞ்சு பொன்னிறமாக, மிருதுவாக வரும், சூடும் மென்மையாகும். தோல்மேலேயே சிறு கூம்பாக வைத்து எரிக்கிறவர்களுக்குத்தான் அந்த உயர்தரம் தேவை. புது இலையில் ஆவியாகும் எண்ணெய் அதிகம், தீ துள்ளும். அதனால்தான் மூன்று வருடம் பழையதைத் தேடுகிறார்கள்.

நம் மலைகளில் விளையும் மாசிபத்திரி (ஆர்ட்டிமிசியா நீலகிரிகா) இதற்குக் கிட்டத்து உறவு, இலையடியும் வெளுப்பாகவே இருக்கும். அதிலிருந்து பஞ்சு எடுக்க முடியும். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் மாசிபத்திரி என்று கேட்டால் தண்டு, காம்பு, பூ எல்லாம் சேர்த்து நறுக்கியதைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். தண்டுத்துண்டு எரியும்போது பட்டென்று வெடித்துப் பொறி தெறிக்கும். வாங்கிய குச்சியிலும் வெடிப்புச் சத்தம் கேட்டால் ஒன்று தண்டு கலந்தது, இல்லை ஈரம் ஏறியது. ஈரமானால் ஒருநாள் வெயிலில் வைத்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள். ஐப்பசி மழையில் திறந்த பெட்டியில் வைத்த குச்சி எரியாது, கரியாகி அணையும்.

மலேரியா மருந்து எடுத்த செடியும் இதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. சீன விஞ்ஞானி து யூயூ 2015இல் நோபல் வாங்கியது ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற வேறு செடியிலிருந்து எடுத்த மருந்துக்காக. அந்த மருந்துக்கும் மாக்ஸா புகைக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று: பார்த்தீனியம் பட்டால் அரிப்பும் தும்மலும் வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தால் மற்றதற்கும் வரலாம்.

கானாடுகாத்தான்_பேரன் எழுதியது:

நர்ஸ் ஆச்சி, அக்கு அண்ணன், குன்றக்குடி ஐயா மூவருக்கும் நன்றி. விரல் சோதனையில் ஆறும் சரியாகச் சொன்னார். டம்ளர் சோதனையில் முழங்கால் இரண்டும் தெளிவு. வலது முன்காலில் மட்டும் சூட்டையும் குளிர்ச்சியையும் மாற்றிச் சொன்னார்.

மூன்று சந்தேகம் இருக்கிறது. அந்த மரப்பெட்டியை முழங்கால்மேல் கட்டிவிட்டால் கை வலிக்காதே, அது சரிவருமா? பக்கத்து வீட்டில் இஞ்சித் துண்டு வைத்து அதன்மேல் எரித்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். அப்பத்தாவோ, இந்த ஊர் வெயிலில் நெருப்பு வேறா, பங்குனியில் ஆரம்பித்தால் உடம்பு கொதிக்குமே என்கிறார்.

அக்கு_தேவகோட்டை எழுதியது:

வலது காலில் எஸ்டி 36ஐ விட்டுவிடுங்கள். முழங்கால் கண்களும் ஹெடிங்கும் மட்டும். அந்த முன்கால் மந்தத்தை அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள், அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பெட்டி முதுகுக்கும் வயிற்றுக்கும் செய்தது, தட்டையான இடம் வேண்டும். முழங்கால் உருண்டை. ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், வலை ஓரிடத்தில் தோலுக்கு மிகக் கிட்டே வரும். அதைவிடப் பெரிய குறை, பெட்டிக்குள் சூடு தாமதமாகத்தான் ஏறும். 3, 4 செ.மீ. துண்டை வலையில் வைத்து மூடினால் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் கிடுகிடுவென ஏறும். சுடுகிறது என்று சொல்லி, பட்டையை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்குவதற்குள் தோல் வெந்திருக்கும். கையில் பிடித்த குச்சியை ஒரு வினாடியில் விலக்கலாம். அப்பத்தாவுக்குக் கைதான்.

இஞ்சி முறை பழையது, நல்லதும்கூட. ஆனால் உட்கார்ந்த முழங்காலில் வழுக்கும். படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஹெடிங்கில் மட்டும் செய்யலாம். முற்றிய பச்சை இஞ்சி, சுக்கு ஆகாது. 2 முதல் 3 மி.மீ. கனம், 2 முதல் 3 செ.மீ. அகலம், நார் குறுக்காக வெட்டுப்படும்படி. ஊசியால் எட்டுப் பத்துத் துளை போடுங்கள், துளை இல்லாவிட்டால் சூடு தேங்கி ஓரம் மட்டும் வேகும். பஞ்சை விரல்களால் அழுத்தி மொச்சை அளவில் கூம்பாகப் பிடித்து அதன்மேல் வைத்து உச்சியில் பற்றவைக்க வேண்டும். தளர்வாகப் பிடித்த கூம்பு பாதியில் சரிந்து கங்கு கீழே உருளும். சுடுகிறது என்றவுடன் இஞ்சியோடு சேர்த்துத் தூக்குங்கள், ஆறியதும் வையுங்கள். மூன்று கூம்பு போதும். இஞ்சி காய்ந்து சுருண்டால் புதுத்துண்டு. பூண்டு வைத்துச் செய்யும் முறையும் உண்டு, அது நெருப்பு இல்லாமலே தோலைப் பொத்துவிடும். சர்க்கரைக்காரருக்குப் பூண்டு கூடாது. என் அபிப்பிராயம், முதல் பத்து முறை குச்சியிலேயே பழகுங்கள், இஞ்சி அப்புறம்.

வெயில் பற்றி அப்பத்தா கேட்டது நியாயமான கேள்வி. சீனத்தில் குளிர்கால நோவுக்கு வருடத்தின் கொதிக்கும் நாட்களில், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, மாக்ஸா செய்யும் வழக்கம் இருக்கிறது. சான்ஃபூ என்பார்கள். ஆக வெயில்காலம் என்பது மட்டும் தடை இல்லை. ஆனால் இங்கே சித்திரை, வைகாசியில் உச்சிவேளையில் வியர்த்து வழியும் உடம்புக்குச் செய்தால் மயக்கம் வரும். காலை ஏழு, எட்டு மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்குவதற்கு முன்னால் செய்யுங்கள். வாய் உலர்வு, எரிச்சல், தூக்கமின்மை என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள். அப்பத்தாவுக்கு வலி கூடுவதே மழைக்காலத்தில்தான் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் செய்வதுதான் பொருத்தம்.

மூலிகை_குன்றக்குடி எழுதியது:

அப்பத்தாவிடம் இதையும் சொல்லலாம்: நெருப்பால் வலி தீர்ப்பது நமக்கும் புதிதில்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடமும் சுட்டிகையும் உண்டு. சுட்டிகை சுட்டே தீர்ப்பது, ஒற்றடம் இதமாகச் சூடேற்றுவது. சீனத்திலும் தழும்பு விழும்படி தோல்மேல் எரிக்கும் முறையும், இப்போது நீங்கள் செய்யப்போகும் முறையும் தனித்தனி. 1973இல் சீனாவின் மாவாங்துயியில் தோண்டி எடுத்த கல்லறைச் சுவடிகள் கி.மு. 168க்கு முந்தியவை. உடலின் பாதைகளைச் சொல்லும் அந்தச் சுவடிகளில் ஊசி இல்லை, மாக்ஸா மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் செய்வதற்கு ஒற்றட வகைதான். தழும்பு முறையை யார் சொன்னாலும் சர்க்கரை உள்ள காலில் செய்யாதீர்கள்.

புதுவயல்_மருமகள் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாத்தனாருக்கு 33 வாரம், தலைப்பிரசவம். ஸ்கேனில் குழந்தை தலை மேலே இருக்கிறது. சுண்டுவிரலில் மாக்ஸா காட்டினால் குழந்தை திரும்பும் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

நர்ஸ்_கோட்டையூர் எழுதியது:

ஆச்சி, அது வெறும் கேள்விப்பேச்சு இல்லை. இடம் பிஎல் 67 என்ற அக்குபங்சர் புள்ளி, கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலை. 1998இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த ஆய்வு சீனாவில் 260 தலைப்பிரசவப் பெண்களிடம் 33ஆவது வாரத்தில் நடந்தது. மாக்ஸா கொடுத்த 130 பேரில் 98 பேருக்கு 35ஆவது வாரத்தில் தலை கீழே வந்திருந்தது. கொடுக்காத 130 பேரில் 62 பேருக்கு அது தானாகவே திரும்பியது. இந்த இரண்டாவது எண்ணையும் மனதில் வையுங்கள், பாதிக் குழந்தைகள் எப்படியும் திரும்பும். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவுக்குப் பலன் காட்டவில்லை.

அதில் செய்தது குச்சியை இரண்டு கால் சுண்டுவிரலுக்கும் 15 நிமிடம் வீதம், நாளைக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு வாரம். திரும்பாவிட்டால் இன்னொரு வாரம். வயிறு பெரிதாக இருப்பதால் அவரே குனிந்து செய்ய முடியாது, வேறொருவர் பிடிக்க வேண்டும். குழந்தை வழக்கத்தைவிட அதிகமாக அசையும். தலை திரும்பியது என்று தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

பிரசவ டாக்டர் சம்மதிக்காமல் தொடங்காதீர்கள். நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, இரத்தப்போக்கு, இரத்தக்கொதிப்பு, பனிக்குட நீர் குறைவு, முன்பு சிசேரியன் இருந்தாலோ இது கூடாது. கணுக்காலுக்கு மேலே உட்புறம் உள்ள எஸ்பி 6, அடிவயிறு, இடுப்பு மூன்றும் கர்ப்பத்தில் தொடக்கூடாத இடங்கள். வலி எடுத்தாலோ நீர் கசிந்தாலோ குச்சியை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி. 36 வாரம் வரை திரும்பாவிட்டால் வெளியிலிருந்து கையால் திருப்புவது பற்றி டாக்டரே பேசுவார்.

அக்கு_தேவகோட்டை எழுதியது:

பேரனுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு காட்டினால் தோலில் வலை பின்னியது போல பழுப்புக் கோடு விழும். வெந்நீர்ப் பை அதிகம் வைப்பவர்களுக்கும் அது வரும். வலிக்காது, அரிக்காது, அதனால் கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் பகல் வெளிச்சத்தில் முழங்காலைப் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்த இடத்துக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுங்கள், வெந்நீர் ஒத்தடமும் சேர்த்து நிறுத்துங்கள்.

பத்து முறை முடிந்ததும் மாடிப்படி ஏறுவதிலும் காலையில் எழுந்து முதலில் நடப்பதிலும் வித்தியாசம் இருக்கிறதா என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். இருந்தால் ஒரு வாரம் விட்டுத் தொடரலாம். ஒன்றும் இல்லை என்றால் குச்சியை எடுத்து வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள்.